ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில்

தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை அவருடையது அல்ல. இருபத்தாறு வருஷமாக அங்கே லென்ஸைத் தேய்த்து பிரேமுக்குள் பொருத்துகிற வேலை. அரை மில்லிமீட்டர் விலகினால் போட்டுக்கொள்கிறவருக்கு மண்டையிடி வந்துவிடும் என்று அளப்பார், மறுபடி அளப்பார், முதலாளி பொறுமை போய் இரும ஆரம்பிக்கிற வரைக்கும் அளப்பார். வீட்டிலும் அதே கதைதான். கதவைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். அப்பேர்ப்பட்ட மனுஷன் கையால் அது நடந்தது என்பதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

அவர் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் மாலை ஷிப்ட். அன்றைக்கு ஆறு மணிக்கு டிவியில் ஊர் ஊராகச் சுற்றிக் காட்டுகிற நிகழ்ச்சி ஒன்று வரும், அவளுக்குப் பிடித்தது. அவர் அதை வீடியோ டெக்கில் கேசட் போட்டுப் பதிவு செய்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு இருவரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். நிகழ்ச்சி ஐம்பத்திரண்டு நிமிடம். அது முடிந்ததும் திரை ஒரு குலுக்கு குலுக்கும். பிறகு அந்தக் கேசட்டில் எந்தக் காலத்திலோ பதிவாகி மிச்சமிருந்த ஒரு சோப்பு விளம்பரமும் இன்னும் ஒன்றிரண்டு துண்டு துணுக்கும் மூன்று நிமிடம் ஓடும். அந்த சோப்பே இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் அவர்கள் பையன் வருவான்.

பையன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஏழு வயது. மூன்று நாள் காய்ச்சல். நாலாவது நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவனில்லாமல் வீடு திரும்பினார்கள். ஓரிடத்தில் நிற்க மாட்டான் என்பதால் அவனுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் போவதற்கு ஆறு மாதம் முன்னால் அவனுடைய தாய்மாமன் யாரிடமோ வீடியோ கேமரா இரவல் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டு நடையில் அவன் சைக்கிள் பழகுவதைப் பதினோரு நிமிடம் படம் பிடித்தான். கைக்கு அகப்பட்ட கேசட்டில், ஏற்கெனவே இருந்த ஏதோ நிகழ்ச்சிக்குப் பின்னால் அதை ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டான். கேமராவுக்குள் இருந்த கேசட்டும் கேமராவோடு போயிற்று. வீட்டில் புகைப்படங்கள் நிறைய இருந்தன. புகைப்படத்தில் பையன் நிற்கிறான், அதுதான் கோளாறு. அவன் நின்று யார் பார்த்தார்கள்? அவன் ஓடியதும் கத்தியதும் சிரித்ததும் இருந்தது அந்தப் பதினோரு நிமிடத்தில் மட்டும்தான்.

அவன் போன மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கேசட் எது என்றுகூடப் பார்க்காமல் உள்ளே தள்ளி நிகழ்ச்சியைப் பதிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொண்டிருக்கும்போது, நிகழ்ச்சி முடிந்து, சோப்பு விளம்பரம் முடிந்து, சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு பையன் வந்துவிட்டான். இரண்டு பேருமே எழுந்து டிவியை அணைக்கவில்லை. இன்னும் மூன்று நிமிடம் விட்டிருந்தால் அவனை அழித்திருப்போமே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பதினோரு நிமிடமும் ஓடி முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நிகழ்ச்சியைப் பதிவு பண்ணி வெச்சிடுங்க. அதே கேசட்லயே."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அது வீட்டு வழக்கம் ஆகிவிட்டது. பையன் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. மூத்த மகள் ஒருநாள் சாப்பாட்டின்போது தம்பி என்று வாயெடுத்தாள். அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவள் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. அதோடு அந்தப் பேச்சுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. பையனைப் பார்க்க வேண்டும் என்று கேசட்டை எடுத்துப் போடவும் அவளால் ஆகாது. ஊர் சுற்றுகிற நிகழ்ச்சியைப் பார்ப்பாள். அது முடிந்த பிறகு அவன் தானாக வந்தால் அவள் என்ன செய்ய முடியும்? அதற்காகவே வாராவாரம் முன்பக்கத்தில் புது நிகழ்ச்சி வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி ஐந்து நிமிடமும் அவர் டெக்கின் பக்கத்திலேயே கால் கடுக்க நிற்பார். பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவார். ஒன்பது வருஷத்தில் ஒரு நொடி தப்பியதில்லை.

ஆனால் கேசட்டுக்கு வயசாகிவிட்டது. பையன் முகத்தில் வெள்ளைப் புள்ளிகள் கொட்டின. சட்டையின் நிறம் சட்டையை விட்டு வெளியே வழிந்தது. டெக்கும் நடு நடுவே கரகரவென்று எதையோ மென்றது. வெளியூரில் வேலை பார்க்கும் மூத்தவள் விடுமுறைக்கு வந்தபோது சமையலறைப் பக்கம் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். போகிற அன்று அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, இப்பல்லாம் யாரு கேசட்ல பிடிக்கிறா? ஒருநாள் அது அறுந்துரும். அப்புறம் உக்காந்து அழ வேண்டியதுதான். டிஸ்க்ல ஏத்திருங்க. மெஷின் நான் வாங்கித் தரேன்."

சொன்னபடி வாங்கியும் அனுப்பினாள். கேசட் போட ஒரு வாய், டிஸ்க் போட ஒரு வாய் என்று இரண்டு வாய் இருந்த ரெக்கார்டர். டிஸ்க் வாங்க அவர் போனபோது கடைக்காரன் இரண்டு விதம் எடுத்து வைத்தான்.

"இது ஒரு தடவை எழுதினா அவ்வளவுதான் சார், அப்புறம் அழியாது. விலை கம்மி. இது அழிச்சு அழிச்சு எழுதலாம், ஆயிரம் தடவைகூட. கொஞ்சம் விலை கூட."

விலை குறைந்ததை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழியாது என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியை எங்கே போடுவது? முன்பக்கம் மாறிக்கொண்டே இருந்தால்தானே அவள் பார்ப்பாள்? விலை கூடியதை வாங்கிக்கொண்டு, நல்லதாகப் பார்த்து வாங்கினோம் என்ற திருப்தியோடு வந்தார். தலையெழுத்து என்று சொல்வதெல்லாம் இந்த மாதிரி சமாச்சாரத்துக்குத்தான்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஏற்றினார். உயர்ந்த தரம் எதுவோ அதைத் தேர்ந்தெடுத்தார். பையன் விஷயத்தில் போய்க் கஞ்சத்தனம் பிடிப்பாரா? ஒரு மணி ஆறு நிமிடத்துக்கு டிஸ்க் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. பழைய நிகழ்ச்சி, சோப்பு விளம்பரம், பையன் எல்லாம் அப்படியே வரிசையாக வந்து உட்கார்ந்தன. மறுநாள் ஞாயிறு அதைத்தான் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைப் புள்ளிகள் இருந்தன, ஆனால் கரகரப்பு இல்லை, படம் நடுங்கவில்லை. அவள் கடைசி வரை பார்த்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இனிமே அறுந்துபோகாதுல்ல?"

"அறுந்துபோக இதுல என்ன இருக்கு? சுத்துறதுக்கு ரிப்பனா?"

பழைய டெக்கை, கூட வேலை பார்க்கிற பிரேம்காரர் தன் அப்பாவுக்குக் கேட்டிருந்தார். அதோடு இருந்த கேசட்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கட்டினார்கள். அந்த ஒரு கேசட்டை மட்டும் அவர் மேஜைமேல் தனியாக வைத்திருந்தார். அதை எடுத்துப் பைக்குள் போட்டவள் அவள்தான்.

"இது எதுக்கு இனிமே? பாதி அழிஞ்சு கிடக்கு. அதான் நீங்க பத்திரமா ஏத்தி வெச்சிட்டீங்களே."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னொரு காப்பி எடுத்து வையுங்கள் என்று மூத்தவள் போனில் சொன்னதற்கும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அந்த அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்தது. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டிஸ்க்கை உள்ளே வைத்து, ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து, பதிவு பொத்தானை அழுத்தினார். மெஷின் ஓடவில்லை. இடம் போதாது, டிஸ்க்கை அழிக்கட்டுமா என்று திரையில் கேட்டது. அவர் யோசித்தார். யோசிக்கவில்லை என்று யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. புது நிகழ்ச்சியைப் பதிவு செய்தால் பழைய நிகழ்ச்சி அழியத்தானே வேண்டும்? ஒன்பது வருஷமாக அப்படித்தானே அழிகிறது? எவ்வளவு தூரம் பதிவு செய்கிறோமோ அவ்வளவு தூரம் அழியும், பின்னால் இருப்பது பின்னால் இருக்கும். கேட்டுவிட்டுச் செய்கிற மெஷின், மரியாதை தெரிந்த மெஷின் என்றுகூட நினைத்தார். ஆம் என்பதை அழுத்தினார். ஏதோ அரை நிமிடம் உள்ளே சுற்றியது. பிறகு சமர்த்தாகப் பதிவு செய்யத் தொடங்கியது.

அன்றைக்கும் அவர் கடைசி ஐந்து நிமிடம் பக்கத்திலேயே நின்றார். பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்ததும், ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில், நொடி பிசகாமல் நிறுத்தினார்.

சரியாக நின்றதா என்று பார்ப்பதற்காகக் கடைசிப் பகுதியை ஓடவிட்டார். பெயர்ப் பட்டியல் வந்தது. அதற்கப்புறம் திரை நீலமாகிவிட்டது. நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம், அதன் கீழே ஐம்பத்திரண்டு நிமிடம் என்று எழுத்து. அவர் முன்னால் ஓட்டினார். ஓடவில்லை. டிஸ்க்கை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தார். அதே நீலம். டிஸ்க் வாங்கிய ரசீதைத் தேடி எடுத்து, அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டார்.

"அழிக்கவான்னு கேட்டுச்சு. ஆமான்னு அழுத்தினேன்."

"அப்ப அழிஞ்சிருக்கும் சார்."

"இல்லப்பா, முன்பக்கம்தானே அழியும்? நான் ஐம்பத்திரண்டு நிமிஷம்தான் பதிவு பண்ணேன். அதுக்குப் பின்னாடி இருக்கிறது இருக்கணுமே?"

"டிஸ்க்ல முன்னாடி பின்னாடின்னு எல்லாம் கிடையாது சார். அழின்னா மொத்தமா அழிச்சிரும். கேசட் மாதிரி இல்ல."

"எடுக்க முடியாதா? எவ்வளவு ஆனாலும் சரி."

"அதுக்கு மேலயே எழுதிட்டீங்களே சார்" என்றவன் கொஞ்சம் இறங்கி, "பழைய கேசட் இருக்கும்ல, மறுபடி ஏத்திக்குங்க" என்றான்.

அந்த வார்த்தையில்தான் அவருக்கு மூச்சு வந்தது.

சனிக்கிழமை பிரேம்காரருக்கு விடுமுறை. கண்ணாடிக்காரர் வேலை முடிந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போனார். மாடியில் இரண்டு அறை வீடு. பிரேம்காரரின் அப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு, அந்தப் பழைய டெக்கில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். பை ஒரு மூலையில் இருந்தது. கண்ணாடிக்காரர் தரையில் உட்கார்ந்து பதினொரு கேசட்டுகளையும் வெளியே எடுத்து அடுக்கினார். அந்தக் கேசட் அதில் இல்லை. அது டெக்குக்குள் இருந்தது.

"இதைக் கொஞ்சம் முன்னால ஓட்டிப் பாக்கட்டுமா?"

பெரியவர் வேண்டாவெறுப்பாக ரிமோட்டைக் கொடுத்தார். ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் இரண்டு தடியர்கள் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஒருவன் இன்னொருவனைத் தலைக்குமேல் தூக்கினான். ஒரு மணி ஆறு நிமிடத்தில் கூட்டம் கைதட்டியது. அவர் ஓட்டிக்கொண்டே போனார். கேசட்டின் கடைசி அங்குலம் வரைக்கும் மல்யுத்தம்.

"அப்பா மூணு மணி நேரத்தையும் ஒரே மூச்சுல பிடிச்சிட்டாரு அண்ணே" என்று பிரேம்காரர் சிரித்தார். கண்ணாடிக்காரர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "முக்கியமானதா? ஓரத்துல இருக்கிற அந்தப் பிளாஸ்டிக் துண்டை உடைச்சு வெச்சிருந்தா மேல பதிவே ஆகியிருக்காதே அண்ணே."

அது அவருக்குத் தெரியாதா? உடைத்திருந்தால் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியை எதில் பிடிப்பது? "ஒண்ணும் முக்கியமில்ல" என்று எழுந்தார். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மேலே கூட்டம் கைதட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் அழுதார், பெரிய மனுஷன் நடுப்படியில் உட்கார்ந்து அழுகிறானே என்று யாராவது பார்ப்பார்கள் என்கிற நினைப்பே இல்லாமல் அழுதார்.

அவளிடம் எப்படிச் சொல்வது? மெஷின் ரிப்பேர் என்று சொல்லலாம். எத்தனை வாரத்துக்கு? டிஸ்க்கில் கீறல் விழுந்துவிட்டது என்று சொல்லலாம். பொய் சொல்லப் போகிறோம் என்றால் முதலில் காது சிவந்துவிடும் ஆள் அவர். ஞாயிறு விடிந்து, குளித்து, சாப்பிட்டு, பதினோரு மணி வரைக்கும் வார்த்தைகளை மென்று விழுங்கிக்கொண்டே இருந்தார். அவள் துவைத்த துணிக் கூடையோடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

நிகழ்ச்சி ஓடியது. ஏதோ மலை, ஏதோ ஏரி. அவள் துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். அவர் கடிகாரத்தையே பார்த்தார். பெயர்ப் பட்டியல் வந்ததும் அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரை நீலமாகியது.

"என்ன, நின்னுபோச்சு?"

"முடிஞ்சுபோச்சு."

"ஓட்டுங்க."

"ஓட்டுறதுக்கு இதுல ஒண்ணும் இல்லம்மா."

சொன்னார். திரை கேட்டது, தான் ஆம் என்றது, கடைக்காரன் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். "முன்பக்கம் மட்டும்தான் அழியும்னு நினைச்சேன்" என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார். அவள் நீலத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேசட்டு?"

"நேத்து போய்ப் பார்த்தேன். அதுலயும் இல்ல. மேல பிடிச்சிட்டாங்க."

"அதை நான்தானே பையில போட்டேன்" என்றாள்.

"உன் மேல என்ன தப்பு? நான்தான். என்னைத் திட்டு. ஏதாவது சொல்லித் தொலை."

அவள் திட்டவில்லை. மடியிலிருந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றுகூட அவள் இப்படி அழுது அவர் பார்த்ததில்லை. அவருக்குப் பக்கத்தில் போகவும் பயமாக இருந்தது, விலகி இருக்கவும் பயமாக இருந்தது. கடைசியில் கூடையைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசலில் யாரோ மணி அடித்துவிட்டு, பதில் இல்லாமல் போனார்கள்.

துண்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"சுண்டெலி சைக்கிளைப் போட்டுட்டு வந்து, ஆடுற பல்லைக் காட்டுவானே."

அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டு ஒன்பது வருஷம்.

"ஆமா. கேமராவுக்குள்ளயே வாயை விட்டுருவான். கீழ்ப் பல்லு."

"மேல் பல்லுங்க."

"இல்லம்மா, கீழ்ப் பல்லு. நாக்கால தள்ளித் தள்ளிக் காட்டுவான்."

அவள் துண்டை எடுத்தாள். "நாக்காலயா? விரலால ஆட்டுவான். மாமா, பாரு மாமான்னு சொல்லிக்கிட்டே ஆட்டுவான்."

"விரலை வாய்க்குள்ள விட்டா 'மாமா'ன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"அதனாலதானே அது கொழகொழன்னு வரும்! உங்க மச்சான் சிரிப்பானே."

"அவன் சிரிச்சது பையன் சுவத்துல மோதினதுக்கு."

"மோதினது அதுக்கப்புறம்."

"முன்னாடி. நானூறு தடவைக்கு மேல பார்த்திருக்கேன்."

"நான் மட்டும் கண்ணை மூடிக்கிட்டா உக்காந்திருந்தேன்?" அவள் குரல் ஏறியது. மூக்கு சிவந்து, கன்னம் ஈரமாகி, ஆனால் பிடிவாதமாக, பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பற்றிப் புருஷனோடு சண்டை போடுகிறவள் மாதிரி இருந்தாள். "பல்லு ஆட ஆரம்பிச்சதுன்னு முதல்ல என்கிட்டதான் வந்து காட்டினான். மேல் பல்லு. எனக்குத் தெரியாதா?"

"நீ சொல்றது வேற பல்லா இருக்கும். அதுல இருக்கிறது கீழ்ப் பல்லு."

"மேல் பல்லு. வேணும்னா போட்டுப் பாருங்க."

"பார்த்துடலாமே" என்று அவரும் விடாமல் ரிமோட்டை எடுத்துப் பொத்தானை அழுத்தினார்.

அழுத்திய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. நிகழ்ச்சி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.